சர்க்கரை என்று சொன்ன பிறகு: எடையைக் குறைக்கவும் குறைத்ததைக் காப்பாற்றவும் ஒரு வழிகாட்டி

பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என்று மூன்று உண்டு என்பார்கள். வலியில் துடிக்கும்போது 'இனிமேல் பிள்ளையே வேண்டாம்' என்பது முதலாவது. கதை கேட்டுவிட்டு 'எல்லாம் மாயை' என்று எழுந்து வருவது இரண்டாவது. சுடுகாட்டில் நிற்கும்போது 'போகும்போது என்னத்தைக் கொண்டு போகப்போகிறோம்' என்று தோன்றுவது மூன்றாவது. மூன்றும் வீடு வந்து சேர்வதற்குள் கரைந்துவிடும். நாலாவதாக லேப் ரிப்போர்ட் வைராக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு அது 46 வயதில் வந்தது. மதுரையில் கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க நாற்காலி. காலில் பட்ட சின்னக் காயம் ஆறவில்லையே என்று காட்டப் போனால், எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.1, சர்க்கரை நோய் என்றார்கள். எடை 84.6 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். அன்று இரவே மிக்சர் டப்பாவை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். இனி சோறே கிடையாது என்றேன். விடிகாலை 4.30 மணிக்கு எழுந்து நடந்தேன். பத்தொன்பதாவது நாள் ராத்திரி, ஆபீசுக்கு எதிரே இருக்கும் கடையில் மூன்று பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பயத்துக்கு ஆயுள் மூன்று வாரம்தான். அது இருக்கும்போதே, அது போன பிறகும் வண்டி ஓடுவதற்கான ஏற்பாடுகளைச் செய்துவிட வேண்டும். எனக்கு இது புரிய ஒரு வருஷம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

முதல் வாரம்: எதையும் விடாதீர்கள், எழுதுங்கள்

முதலில் டாக்டரிடம் ஒரு கேள்வி: "நான் சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன், இந்த மாத்திரையோடு அது ஒத்துப்போகுமா?" மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ போட்டுக்கொண்டு டிபனைத் தவிர்த்தால் லோ சுகர் ஆகிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கமும் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் சோறு, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்துவது வேறு விதத்தில் ஆபத்து. ஆகவே டோஸ் மாற்றத்தை டாக்டர் சொல்லட்டும். கால், கண், இதயம் மூன்றையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு நடையைத் தொடங்குவது நல்லது.

அடுத்தது, ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் எடை, இடுப்புச் சுற்றளவு, எச்பிஏ1சி, ரத்த அழுத்தம், தேதி. இடுப்பை விலா எலும்பு முடியும் இடத்துக்கும் இடுப்பெலும்பு தொடங்கும் இடத்துக்கும் நடுவே அளக்க வேண்டும், வயிற்றை எக்காமல். நம் ஊர் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. எனக்கு 102.

பிறகு ஏழு நாள், வழக்கம்போலவே சாப்பிட்டு, சாப்பிட்டதை அப்படியே எழுதுங்கள். எதையும் மாற்ற வேண்டாம். என் நோட்டில் மூன்றாம் நாளே வெளிச்சத்துக்கு வந்தது டீ. ஒரு நாளைக்கு ஐந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பத்து ஸ்பூன் என்றால் 50 கிராம், 200 கலோரி. 'நான் ஸ்வீட்டே சாப்பிடுவதில்லை' என்று டாக்டரிடம் சத்தியம் செய்தவன் நான்.

சமைக்கும் பெண்கள் இந்த நோட்டில் இன்னொரு வரியையும் மறக்காமல் எழுத வேண்டும்: பிள்ளைகள் மிச்சம் வைத்ததை 'வீணாப் போகுதே' என்று பாத்திரம் கழுவும் முன் வாயில் போட்டுக்கொண்டது.

எவ்வளவு குறைக்க வேண்டும்

உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ கணக்குப்படி நான் 70 கிலோ அளவில் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் 14 கிலோவா என்று சோர்வுதான் வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, இருக்கும் எடையில் 5 முதல் 7 சதவீதம் என்று முதல் இலக்கை வையுங்கள். 84 கிலோக்காரருக்கு இது 4 முதல் 6 கிலோ. இந்த அளவுக்கே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்க ஆரம்பிக்கும், கல்லீரலில் படிந்த கொழுப்பும் கரையும்.

அதிகம் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் இருக்கிறது. பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' என்ற ஆய்வு 2017இல் வெளியானது. சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களை, மருத்துவக் கண்காணிப்பில், சில மாதம் மிகக் குறைந்த கலோரியில் வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். இரண்டாம் வருஷம் 46 என்பது 36 ஆக இறங்கியது. எடை திரும்பியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது. குறைப்பதைவிடக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னும் சர்க்கரை வரவில்லை, எல்லையில் இருக்கிறது (எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை) என்று சொல்லப்பட்டவர்களுக்கு நல்ல செய்தி. நம் ஆட்களை வைத்தே இந்தியாவில் நடத்திய ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. சாப்பாட்டிலும் நடையிலும் கவனம் வைத்தவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

எண்ணெய், சோறு, பரோட்டா

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டீயில் சர்க்கரையை இரண்டிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து அரை, அப்புறம் இல்லை என்று இறக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. இப்போது யாராவது சர்க்கரை போட்டுக் கொடுத்தால் பாயசம் மாதிரி இருக்கிறது.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு மாதம் 5 லிட்டர். வகுத்துப் பார்த்தேன்: தலைக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல், சுமார் 340 கலோரி. இதில் ஒரு துளிகூட 'சாப்பிட்டோம்' என்ற எண்ணத்தைத் தருவதில்லை. அதை 3 லிட்டராக்கினால் 25 மில்லி, 205 கலோரி. யாரும் ஒரு வாய் குறைக்காமல் தலைக்கு 130 கலோரிக்கு மேல் கழிந்துவிடுகிறது.

ஆனால் சமைப்பவர் பின்னால் நின்றுகொண்டு தினமும் 'எண்ணெயைக் குறை' என்று சொல்லிப் பாருங்கள், நாலாம் நாள் கரண்டி உங்கள் கைக்கு வந்துவிடும். நான் செய்தது மளிகைச் சீட்டில் 5 என்பதை 3 ஆக்கியது மட்டும்தான். மாதத்துக்கு ஒரு தடவை பேச்சு, ஒரு தடவை சண்டை, அவ்வளவே. 25ஆம் தேதி வாக்கில் என் மனைவி எண்ணெய்ப் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கால் பாட்டிலுக்குக் கீழே என்றால் அந்த வாரம் அப்பளம் சுட்டுத்தான் வரும். தினமும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டிய விஷயத்தை மாதம் ஒரு முடிவாகச் சுருக்கிவிட்டால், வைராக்கியத்துக்கு வேலை குறைகிறது.

சோறு விஷயத்தில் தட்டில் விழும் வரிசையை மாற்றினேன். முதலில் பொரியலும் கூட்டும், பாதித் தட்டுக்கு. கூட முட்டையோ, மீனோ, சுண்டலோ ஏதாவது ஒன்று. அதற்கப்புறம் சோறு. முன்பு நாலு கரண்டி, இப்போது இரண்டு. மோர்ச் சோற்றை மட்டும் என்னால் விட முடியவில்லை. ஆகவே ரசத்துக்குச் சோறு கிடையாது, ரசத்தைத் தம்ளரில் குடித்துவிடுகிறேன். உங்களுக்கு எதை விட முடியாதோ அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதை வெட்டுங்கள்.

சாமை, தினை, வரகு என்று மாறினால் அளவே பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறைய. நார்ச்சத்து கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் கலோரி அரிசியை ஒட்டித்தான் வரும். ராத்திரி சோற்றுக்குப் பதில் எண்ணெய் தடவிய நாலு சப்பாத்தி சாப்பிடுவதும் அதே கதை.

பரோட்டாவை ஆயுளுக்கும் விட்டேன் என்று சபதம் போட்டதுதான் அன்று என்னைக் கவிழ்த்தது. இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை பரோட்டா நாள். இரண்டு, கூடவே ஒரு ஆம்லெட். நடுவில் ஆசை வரும்போது 'சனிக்கிழமை இருக்கிறதே' என்று மனசுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்கிறது.

நடை

வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்கும் வேகத்தில். இதை எல்லாரும் சொல்வார்கள். தினமும் எழுந்து போக வைப்பது எது என்பதுதான் விஷயம். எனக்கு அது ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். காலை 5.50க்கு அவரிடமிருந்து போன் வரும். "சார், நான் வந்துட்டேன்." அவ்வளவுதான் பேச்சு. மழை, தலைவலி, தூக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் எந்தக் காரணத்தையும் அவரிடம் சொல்ல வாய் வராது. மூன்று சுற்று, அப்புறம் அவரவர் வீடு. இப்படி ஒரு ஆளைப் பிடியுங்கள். சொந்தக்காரராக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது, உரிமை எடுத்துக்கொண்டு டிமிக்கி கொடுக்க முடியாது.

அப்படி ஆள் கிடைக்காவிட்டால் சாப்பிட்டபின் நடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் 15 நிமிடம், தெருவிலோ மொட்டைமாடியிலோ. சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரையை வேலை செய்யும் தசைகள் இழுத்துக்கொள்ளும். கை கழுவியதும் செருப்பு என்று பழகிவிட்டால் யோசிக்க இடமிருக்காது. 2023இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தால் போகலாம். சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு மட்டும் நடக்கக் கூடாது.

10,000 அடி கணக்கு உங்களை மிரட்ட வேண்டாம். 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து பரவியது அது. என்னுடையது பெரும்பாலும் 6,500.

எடை மெஷின்

ஆரம்பத்தில் நான் தினமும் ஏறினேன். ஒரு நாள் விசேஷ வீட்டுப் பிரியாணி சாப்பிட்டு மறுநாள் பார்த்தால் 1.3 கிலோ கூடியிருந்தது. 'இவ்வளவு பாடுபட்டும் ஒரே நாளில் போச்சு' என்று அன்று முழுக்க மனசு விட்டுப்போய், சாயங்காலம் பஜ்ஜியும் சாப்பிட்டேன். ஒரு கிலோ கொழுப்பு சேர 7,000 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பிரியாணியிலும் அவ்வளவு கிடையாது. கூடியது தண்ணீர். உப்பும் மாவுச்சத்தும் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும்.

வாரம் ஒரு முறை போதும். காலைக்கடன் முடித்து, டீக்கு முன், ஒரே மெஷினில், அதை ஒரே தரையில் வைத்து. எனக்கு வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு சாப்பாட்டின் தண்ணீரெல்லாம் அதற்குள் வடிந்திருக்கும். நோட்டில் எழுதிவிட்டு மூடுங்கள். ஒப்பிடுவது மாதத்துக்கு மாதம்தான்.

உண்மையான பரீட்சை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் எச்பிஏ1சி. ரத்தச் சிவப்பணு 120 நாள் அளவுக்கு உயிரோடிருப்பதால், கடந்த இரண்டு மூன்று மாத வரவு செலவு முழுக்க அதில் பதிந்திருக்கும். டெஸ்டுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. அடுத்த டெஸ்ட் தேதியை இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

"என்ன இப்படி இளைச்சுட்டீங்க?"

இதற்கு யாரும் உங்களைத் தயார் செய்ய மாட்டார்கள். ஆறு கிலோ குறைந்தபோது பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். வந்ததெல்லாம் துக்க விசாரிப்பு. "முகமெல்லாம் ஒட்டிப்போச்சே, சுகரா?" என்று கல்யாண வீட்டில் சித்தி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நம் ஊரில் பூசினாற்போல் இருப்பதுதான் நன்றாக இருப்பதற்கு அடையாளம். இளைத்தால் ஒன்று நோய், இல்லை கடன். இந்த விசாரிப்பு இரண்டு மூன்று தடவை வந்தால் போதும், 'கொஞ்சம் சதை போட்டால்தான் என்ன' என்று நமக்கே தோன்ற ஆரம்பித்துவிடும்.

ஒளித்து வைத்தால் பேச்சு வளரும். நான், "ஆமா சித்தி, சுகர்தான். டாக்டர் குறைக்கச் சொன்னார், குறைச்சுட்டேன். இப்ப மாத்திரையும் குறைஞ்சிருச்சு" என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கூடவே அவருக்கும் போன வருஷம் வந்ததாம் என்ற கதை தொடங்கியது.

பந்தியில் "ஒரு நாளைக்குச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று பரிமாறுபவரோடு வாதம் செய்யாதீர்கள். இலையில் பொரியல், அவியல், கூட்டு இருக்கும்போதே அதையெல்லாம் இரண்டாம் தடவை கேட்டு வாங்குங்கள். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவரை யாரும் உபசரித்துத் தொந்தரவு செய்வதில்லை. பாயசம் இரண்டு ஸ்பூன் இலையில் விழட்டும், குடியே முழுகாது. கோயில் சர்க்கரைப் பொங்கலை ஒரு விரல் எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டால் பிரசாதம்தான், தொன்னை முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்டதில்லை.

முள் நகராத காலம்

எனக்கு 78 கிலோவில் பதினோரு வாரம் முள் நின்றுவிட்டது. அதே சாப்பாடு, அதே மூன்று சுற்று. ஏமாற்று வேலை எதுவும் இல்லை. எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு, ஆகவே பழைய கணக்கு அங்கே வந்து சமனாகிவிடுகிறது. போதாததற்குப் பசியும் கூடும். டயட் இருந்து எடை குறைத்தவர்களை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு வருஷம் கழித்துப் பரிசோதித்தார்கள் (2011இல் வந்தது). பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எனவே 'எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை' என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். பசிக்கிறது என்றால் நிஜமாகவே பசிக்கிறது.

இந்தக் கட்டத்தில் இன்னும் வெட்டாதீர்கள். இரண்டு மாதம் இருக்கும் எடையைக் காப்பதே வேலை என்று வைத்துக்கொண்டு, மெஷின் காட்டாததை நோட்டில் பாருங்கள். அந்தப் பதினோரு வாரத்தில் என் இடுப்பு 97இலிருந்து 94 ஆனது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். எச்பிஏ1சி 6.6. ஆபீஸ் மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறினேன். கூடுதலாக ஒன்று செய்ய ஆசைப்பட்டால் தசைக்கு வேலை கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்துப் பத்தாக மூன்று தடவை. முழங்கால் வலி இருப்பவர்கள் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வழுக்கிய பிறகு

வழுக்கும். அதையும் ஏற்பாட்டில் சேர்த்துவிடுங்கள். எனக்குச் சித்திரைத் திருவிழா. வீடு நிறைய விருந்தாளி, தெருவுக்குத் தெரு பானகம், ராத்திரி கடைச் சாப்பாடு. அழகர் மலைக்குத் திரும்பினார், நான் திரும்பவில்லை. மே மாத லீவு அப்படியே தொடர்ந்தது. 76.2இல் இருந்தவன், எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஐந்து வாரம் எட்டியே பார்க்கவில்லை. ஜூனில் ஏறினால் 79.8.

அப்போது கற்றது: திரும்பி வரும்போது முதல் வேலை மெஷினில் ஏறுவது. 'கொஞ்சம் குறைத்துவிட்டு ஏறலாம்' என்று தள்ளத் தள்ளத்தான் ஐந்து வாரம் ஆகிறது.

இன்னொன்று, மோசமான நாளுக்கென்று ஒரு குறைந்தபட்சக் கணக்கு. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரி, பயணம், மார்ச் மாதக் கடைசி என்று வரும் நாட்களில் மூன்றே மூன்று: மாத்திரை, பத்து நிமிட நடை, சர்க்கரை இல்லாத டீ. மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் கேள்வி இல்லை. லண்டனில் 96 பேரை வைத்து 2009இல் வந்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக ஓட ஆரம்பிக்கச் சிலருக்கு 18 நாளும் சிலருக்கு 254 நாளும் ஆகுமென்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது அதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை.

விற்க வருபவர்கள்

உங்களுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் பவுடர், கஷாயம், 'ஒரே மாதத்தில் 10 கிலோ' எல்லாம் வீடு தேடி வரும். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். எடை குறைக்கும் ஊசிகள் வேறு விஷயம். செமாகுளுடைடு போன்றவை நிஜமாகவே வேலை செய்யும், டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே போட வேண்டும். ஆனால் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். போட்டாலும் மேலே சொன்ன ஏற்பாடுகள் வேண்டியிருக்கும்.

ஒரு கோடு

எடை ஓர் இடத்தில் நிலைத்ததும் அதற்கு இரண்டு கிலோ மேலே ஒரு கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டினால் யோசனை வேண்டாம், முதல் வார நோட்டுக்குத் திரும்பி இரண்டு வாரம் சாப்பிட்டதை எல்லாம் எழுத வேண்டியதுதான். 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருஷத்துக்கு மேல் காப்பாற்றியவர்களின் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் 1994 முதல் இருக்கிறது. அதில் உள்ளவர்களில் நாலில் மூன்று பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள்.

எனக்கு 75இல் நின்றது, கோடு 77. மெஷினுக்கு மேலே சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை 76.4. இந்த மாதம் எண்ணெய் 22ஆம் தேதியே தீர்ந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.